இரண்டாம் பட்டியல்

ஆழிவாய்ப் பேரவையில் செண்பகவடிவு பார்த்த வேலை பெயர் வாசிப்பது. இறந்தவர்களின் பெயர்கள் அல்ல, இறக்கப்போகிறவர்களின் பெயர்கள்.

ஏழ்தீவுக் குடியரசின் தலைநகர்ப் பகுதி ஆழிவாய். அகலமான ஓர் உப்பங்கழி ஊரை வடகரை, தென்கரை என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தது. நாட்டுக்கு நாடாளுமன்றம் தனியாக இருந்தது. தலைநகரத்தின் குடிநீர், மருத்துவமனை, துறைமுகம் போன்றவற்றைத் தீர்மானிக்க, முப்பத்தோரு உறுப்பினர்கள் கொண்ட பேரவை ஒன்று வடகரையில் நடந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பேரவை அனுமதித்த கப்பல் உடைக்கும் தளத்தில் வாயு கசிந்து இருநூற்றுப் பன்னிரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். விசாரணைக்கு வந்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "இப்படி ஆகும்னு எங்களுக்குத் தெரியாது."

அந்தப் பதிலை இனி யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக வந்ததுதான் பெயர்ச் சட்டம். முன்கணிப்பு இயந்திரம் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது. ஊரில் உள்ள ஒவ்வொருவருடைய உடம்பு, வீடு, வேலை, போகிற வழி, வருகிற வழி எல்லாம் அதற்குத் தெரியும். ஒரு மசோதாவைக் கொடுத்தால், அது சட்டமானால் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அதனாலேயே உயிரிழக்கப்போகிறவர்கள் யார் யார் என்று பெயர், வயது, தெருவோடு பட்டியல் தரும். பத்துக்கு ஒன்பது சரியாக இருந்தது. அந்தப் பட்டியலை உறுப்பினர்களின் முகத்துக்கு எதிரே வாசித்து முடித்த பிறகே வாக்கெடுப்பு நடத்தலாம். பெயர் வந்தவர்கள் குடும்பத்தோடு பார்வையாளர் மாடத்தில் வந்து உட்காரலாம்.

செண்பகவடிவு எட்டு வருடமாக அந்த வேலையில் இருந்தாள். வயது நாற்பத்தெட்டு. அவளுக்கு நல்ல கனத்த குரல். ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஆள் எழுந்து வந்து நிற்பதுபோல் இருக்கும் என்பார்கள். வாசிப்பதற்கு முந்தின வாரம் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் போய், பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொண்டு வருவாள். சாகப்போகிற ஒருவருடைய பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்பது அவள் எண்ணம். சட்டம் அதைக் கேட்கவில்லை. அவளாகவே செய்தாள்.

நல்ல சட்டம் என்றுதான் ஊர் சொன்னது. ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பேரவைக்கு வந்த பெரிய மசோதாக்கள் நாற்பத்து நான்கு. நிறைவேறியவை மூன்றே மூன்று. நான்கு பெயர் வாசித்தால் போதும், மாடத்தில் ஒரு குழந்தை அழும், கீழே உறுப்பினர்கள் குனிந்துகொள்வார்கள், மசோதா விழுந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மனதோடு வீட்டுக்குப் போவார்கள். செண்பகவடிவும் அப்படித்தான் போனாள்.

ஐப்பசி மாதம் அலைக்கதவு மசோதா வந்தது. ஒவ்வோர் ஆண்டும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. புயல் நாட்களில் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே புகுந்து தென்கரைத் தெருக்களை மூழ்கடித்தது. கழிமுகத்தின் குறுக்கே இரும்புக் கதவுகள் கட்டி, வேண்டும்போது மூடிக்கொள்ளலாம் என்பது திட்டம். பட்டியலில் பத்தொன்பது பெயர்கள். நான்காவது பெயர்: சூசை மரியான், ஐம்பத்து நான்கு, கழிமுகத் தெரு.

அவர் ஒரு குளியாள். கடலடியில் சிக்கிக்கொண்ட நங்கூரங்களையும் வலைகளையும் மூழ்கி எடுத்துத் தருவது தொழில். செண்பகவடிவு போனபோது வாசலில் உட்கார்ந்து ரப்பர் உடுப்பில் இருந்த கிழிசலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. ரேடியோவுல உங்க குரலைக் கேட்டிருக்கேன். உக்காருங்க."

"பேரை எப்படிச் சொல்லணும்னு கேட்க வந்தேன்ணே. மரியானா, மரியானுன்னு இழுத்துச் சொல்லணுமா?"

"எப்படிச் சொன்னாலும் நான்தான்" என்று சிரித்தார். பிறகு, "சூசை மரியான். சேர்த்தே சொல்லுங்க. எங்கய்யா அப்படித்தான் கூப்பிடுவாரு."

உள்ளே ஒரு பெண் தலையைக் காட்டிவிட்டு மறைந்தாள். அவருடைய மகள் ரொசாலி. தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடக்க இருந்தது. பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட மறுநாளே மாப்பிள்ளை வீட்டார் தள்ளிப்போடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைவிட, படகுக்காரர்கள் அவரை ஏற்றுவதை நிறுத்தியிருந்தார்கள். பட்டியல்காரன் ஏறிய படகு கரைசேராது என்று ஒரு பேச்சு.

"தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க ஊரைவிட்டுப் போயிரலாமே" என்றாள் செண்பகவடிவு. அதைச் சொல்லக் கூடாது என்பது பணிவிதி. இருந்தும் சொன்னாள்.

"மெசின்காரங்ககிட்ட விசாரிச்சேன். நீருக்கடியில தூண் நிறுத்துற வேலையில மூணாம் வருசம் நான் போவேனாம். நான் ஊரைவிட்டுப் போனா என்னாகும்னு கேட்டேன். அந்த இடத்துக்கு வேற குளியாள் வருவான், பட்டியல்ல அவன் பேரு வரும்னாங்க. யாருன்னுகூட யூகிக்க முடியுது. என் தம்பி மாதிரி வளர்ந்தவன், ரெண்டு கைப்பிள்ளை இருக்கு." பசைத்தூரிகையை டப்பாவில் வைத்தார். "ஒண்ணு கேக்கணும்மா. கதவு கட்டினா சாகுறது பத்தொம்பது பேரு. சரி. கட்டினா பிழைக்கிறது யாரு?"

"அதுக்கு ஒரு எண்ணிக்கை மட்டும் மசோதா கடைசியில இருக்கும்ணே. ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு போட்டிருக்கு."

"பேரு?"

"அதுக்குப் பேர் கிடையாது."

"எனக்குப் பேரு இருக்கு. அவங்களுக்கு ஏன் இல்ல?"

எட்டு வருடத்தில் அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலையில் பேரவைக் கட்டடத்தின் பின்புறம் இருந்த முன்கணிப்புப் பிரிவுக்குப் போனாள். அதிகாரி இத்ரீஸ் டீ குடித்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது. பட்டியல்களை அச்சடித்து அவளிடம் கொடுப்பவன் அவன்தான். சூசை மரியான் கேட்டதை அப்படியே அவனிடம் கேட்டாள்.

இத்ரீஸ் டம்ளரைக் கீழே வைத்தான். "பேர் இல்லைன்னு யார் சொன்னது அக்கா?"

"மசோதாவுல எண்ணிக்கைதானே வருது?"

"எண்ணிக்கை எங்கிருந்து வருது? பேரை எண்ணித்தானே? இந்தச் சட்டத்தால யார் சாவாங்கன்னு சொல்லணும்னா, இந்தச் சட்டம் இல்லாம இருந்தா யார் சாவாங்கன்னு முதல்ல தெரியணும். ரெண்டையும் வச்சுக் கழிச்சாத்தான் நீங்க வாசிக்கிற பட்டியல் வரும். அதனால எப்பவும் ரெண்டு பட்டியல். நிறைவேத்தினா போறவங்க ஒண்ணு. நிறைவேத்தாம விட்டா போறவங்க இன்னொண்ணு. வாசிக்கணும்னு சட்டம் சொல்றது முதல் பட்டியலை மட்டும்தான்."

"ரெண்டாவது?"

"உறையில போட்டு, தலைவர் கையெழுத்து வாங்கி, நூலகத்துக்கு அனுப்பிருவோம். ரகசியம்னு எங்கயும் எழுதல. யார் வந்து கேட்டாலும் கொடுக்கலாம்." சற்றுத் தயங்கினான். "நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. யாரும் கேட்டதில்ல."

"எனக்கு வேணும் தம்பி."

"எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா பழசைத் திறக்காதீங்க அக்கா. நான் ஒருதடவை திறந்தேன். போதும்னு ஆயிருச்சு."

நூலகத்தில் அலைக்கதவு உறையை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டாள். முப்பத்தெட்டுப் பக்கம். தெருத்தெருவாகத் தென்கரை. காய்கறிக்காரியின் பெயர் இருந்தது. தபால்காரர் இருந்தார். மூன்று வயது, இரண்டு வயது என்று குழந்தைகள் இருந்தார்கள். படித்துக்கொண்டே போனவள், பாதியில் எழுந்து நூலகரிடம் போய், மூன்று வருடத்துக்கு முந்தைய தென்கரை மருத்துவமனை மசோதாவின் உறையைக் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை. கால் போனது, வாய் கேட்டது.

தென்கரையில் மருத்துவமனை கிடையாது. பழைய மருந்தகத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் பெரிய மருத்துவமனை கட்டலாம் என்று அந்த மசோதா சொன்னது. கட்டி முடிக்கும்வரை மருந்தகம் இல்லாமல் ஆறு பேர் சாவார்கள் என்று பட்டியல் வந்தது. அந்த ஆறு பெயர்களை வாசித்தவள் அவள்தான். ஆறாவது பெயர் பிறந்து நாற்பது நாளான ஒரு குழந்தையுடையது. அதை வாசித்தபோது அவள் குரல் உடைந்தது. தென்கரை உறுப்பினர் பிச்சைக்கனி எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் தொகுதிக்கு இப்படி ஒரு மருத்துவமனை வேண்டாம்" என்றார். மசோதா தோற்றது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது கணவர் உலகநாதன் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பயணப்படகுகளின் இயந்திரம் பழுதுபார்க்கிற மனிதர். அதிகம் பேசமாட்டார். "இன்னைக்கு நல்லா வாசிச்சே செண்பகம்" என்றார். "அந்தப் பிள்ளை பேரைச் சொன்னியே, எனக்கே கண்ணுல தண்ணி வந்துருச்சு."

பதினான்கு மாதங்களுக்கு முன் உலகநாதனுக்கு நெஞ்சு அடைத்தது. வடகரை மருத்துவமனைக்குப் படகில் கொண்டுபோனார்கள். கழியைப் பாதி கடப்பதற்குள் அவள் மடியில் அவர் தலை துவண்டது.

அந்த மருத்துவமனை மசோதாவின் இரண்டாம் பட்டியலில் எண்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. நாற்பத்தோராவது பெயர்: உலகநாதன், ஐம்பது, நெல்லிமரத் தெரு, தென்கரை.

நூலகர் வந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தாள். உறையைப் பழையபடி ஒட்ட முயன்றாள். ஒட்டவில்லை. அதை அப்படியே கொடுத்துவிட்டு, அலைக்கதவு உறையை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேரவைத் தலைவர் கோமதிநாயகம் அவளுக்கு வேலை கொடுத்தவர். பெயர்ச் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர். அறைக்குள் போய் நின்றவளைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ புரிந்தது.

"உக்காரும்மா."

"ஐயா, அலைக்கதவுக்கு ரெண்டு பட்டியலையும் வாசிக்க அனுமதி வேணும்."

"சட்டத்துல இடமில்லையே."

"தடையும் இல்ல ஐயா. பார்த்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "செண்பகம், நீ சொல்றது நியாயம். ஆனா இதைக் கேளு. முதல் பட்டியல் நாம செய்யப்போற காரியத்தோடது. வேண்டாம்னு கையைத் தூக்கினா முடிஞ்சுது, நம்ம கை சுத்தம். ரெண்டாவது பட்டியல் நாம ஒண்ணும் செய்யாம உக்காந்திருக்கிறதோடது. அதை வாசிக்க ஆரம்பிச்சா, எந்தப் பக்கம் கையைத் தூக்கினாலும் ரத்தம். அப்புறம் இந்த நாற்காலிகள்ல எந்த மனுஷன் வந்து உக்காருவான்?"

"அந்த உறைகள்ல கையெழுத்துப் போடுறது நீங்கதானே. படிச்சிருக்கீங்களா?"

"இல்லை." குரல் இறங்கியது. "படிக்காமலே கையெழுத்துப் போடப் பழகிட்டேன். அது ஒண்ணும் லேசான காரியமில்லம்மா."

"மருத்துவமனை மசோதா உறையில என் வீட்டுக்காரர் பேர் இருக்கு ஐயா."

கோமதிநாயகம் கையிலிருந்த கண்ணாடியை மடித்து மேசைமேல் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பயணப்படகின் மணி அடித்தது. கடைசியில், "வருத்தப்படுறேன்" என்றார். "ஆனா அனுமதி தர முடியாது."

வாக்கெடுப்பு நாளில் மழை பிடித்துக்கொண்டது. மாடத்தில் பத்தொன்பது குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. சூசை மரியான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ரொசாலியோடு முதல் வரிசையில் இருந்தார். செண்பகவடிவு மேடைக்கு வந்து, எப்போதும்போல் அவையை வணங்கிவிட்டு, பத்தொன்பது பெயர்களையும் வாசித்தாள். ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. நான்காவது பெயரைச் சேர்த்தே சொன்னாள்.

வாசித்து முடித்ததும் அவள் மேடையை விட்டு இறங்க வேண்டும். இறங்கவில்லை. சேலை மடிப்பிலிருந்து முப்பத்தெட்டுப் பக்கத்தையும் எடுத்து விரித்தாள்.

"இந்த மசோதா நிறைவேறாவிட்டால் இறக்கப்போகிறவர்களின் பெயர்கள்" என்று சொல்லிவிட்டு முதல் பெயரை வாசித்தாள்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு கோமதிநாயகம் மேசையைத் தட்டினார். "வாசிப்பாளர் நிறுத்தவும். இது அவைக்குறிப்பில் ஏறாது." மைக் அணைந்தது. அவள் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே அந்த மண்டபத்துக்கு அவள் குரல் போதுமானதாக இருந்தது. அவைக்காவலர் இருவர் மேடைக்கு வந்து அவள் இருபுறமும் நின்றார்கள். தொட மனமில்லாமல் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

அறுபத்தோராவது பெயர், "சுப்பம்மாள், எண்பத்திரண்டு, ஓடக்கரைத் தெரு" என்று வந்தது.

பிச்சைக்கனி இருக்கையிலிருந்து எழுந்தார். "அது எங்கம்மா" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல. பிறகு உரக்க, "தலைவர் அவர்களே, அவங்களை வாசிக்க விடுங்க. மிச்சம் யார் யார்னு எனக்குத் தெரியணும்."

"எங்களுக்கும் தெரியணும்" என்று இன்னும் இரண்டு மூன்று குரல்கள். தலைவர் விடச்சொல்லிக் கையசைத்தார். காவலர்கள் இறங்கினார்கள். மைக் திரும்ப உயிர்பெற்றது.

ஆயிரத்து நூற்று நாற்பது பெயர்களையும் வாசித்து முடிக்க ஏறக்குறைய மூன்று மணிநேரம் ஆனது. ரேடியோவில் கேட்டவர்கள் மழையில் நனைந்துகொண்டே பேரவைக்கு வந்துவிட்டார்கள். மாடம் நிறைந்து, படிக்கட்டு நிறைந்து, வாசலில் குடைகளாக நின்றார்கள். ஒவ்வொரு தெருவின் பெயர் வரும்போதும் அந்தத் தெருக்காரர்கள் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். "ஐயோ, நம்ம சின்னவன்" என்று எங்கோ ஓர் அலறல் எழுந்து அடங்கியது. தொள்ளாயிரத்தைத் தாண்டியபோது செண்பகவடிவின் தொண்டை கட்டிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள்.

வாக்கெடுப்பில் ஆதரவு இருபத்தொன்பது, எதிர்ப்பு இரண்டு. மசோதா நிறைவேறியது.

அப்போதுதான் அவள் கொஞ்சமும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாடத்தில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். கட்டடமே அதிர்ந்தது. உறுப்பினர்கள் எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். அதன் நடுவில் முன்வரிசைகளில் பத்தொன்பது குடும்பங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. பின்வரிசையிலிருந்து நடுத்தர வயதுள்ள ஓர் அம்மாள் இறங்கி வந்து, சூசை மரியானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லி அழுதாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ரொசாலி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் நின்றார்.

செண்பகவடிவு மேடையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பெயர்களை வாசித்தால் மனிதர்கள் தெரிவார்கள் என்று எட்டு வருடம் நம்பியிருந்தாள். இன்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர் தெரிந்தார்கள். பத்தொன்பது பேர் மறைந்துபோனார்கள்.

பேரவை விதியை மீறியதற்காக அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் எதிர்த்து மனுப்போடவில்லை. கழிமுகத் தெருவுக்குப் போனாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே."

"எதுக்கும்மா? நான் கேட்டதுக்குத்தானே பதில் கொண்டுவந்தீங்க." அவர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "செத்தாலும் ஒரு காரணத்துக்குச் சாகிறோம்னு ஆச்சு. அது பரவாயில்ல. ஆனா அந்த நன்றி சொன்னாங்க பாருங்க, அதுதான் தாங்கல. நான் ஒண்ணும் கொடுக்கலையே. எடுத்துக்கிட்டாங்க. கொடுத்தேன்னு நினைச்சுக்கிறாங்க."

அதன்பிறகு வாரம் ஒருமுறை அவள் அங்கே போய்வந்தாள். மற்ற பதினெட்டு வீடுகளுக்கும் போனாள். சிலர் பேசினார்கள். சிலர் கதவைத் திறக்கவில்லை. கழிமுகத்தில் வேலை தொடங்கியது. குளியாட்களுக்குத் தலைவராகச் சூசை மரியானையே போட்டார்கள். படகுகள் இப்போது அவரைப் போட்டிபோட்டு ஏற்றிக்கொண்டன.

ஊரோ நிம்மதியாக இல்லை. செண்பகவடிவு திறந்த உறையோடு விஷயம் நிற்கவில்லை. நூலகத்தின் முன் மக்கள் வரிசைகட்டினார்கள். எட்டு வருடத்தில் தோற்றுப்போன மசோதாக்களின் இரண்டாம் பட்டியல்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினார்கள். இறந்த தகப்பனை, மனைவியை, பிள்ளையை அவற்றில் கண்டுபிடித்தார்கள். அந்த மசோதாவுக்கு எதிராக யார் யார் கைதூக்கினார்கள் என்று பார்த்தார்கள். ஓர் உறுப்பினரின் வீட்டு வாசலில் தினமும் ஒருவர் தன் மகனின் படத்தோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். இரண்டு உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சியவர்களும் இருந்தார்கள்.

ஏழு மாதம் கழித்துப் பேரவைக்கு ஒரு புதிய மசோதா வந்தது: பெயர்ச் சட்டத்தை நீக்கும் மசோதா. பெயர் வாசிப்பது இரக்கமற்ற செயல் என்றும், அது ஊரைப் பிளந்துவிட்டது என்றும், இனிமேல் எண்ணிக்கை மட்டும் போதும் என்றும் அதில் சொல்லியிருந்தது.

இத்ரீஸ் அவள் வீட்டுக்கே வந்துவிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, இன்னும் பெயர்ச் சட்டம் நடப்புல இருக்கு. அதனால இந்த மசோதாவையும் இயந்திரத்துல போட்டாகணும். போட்டோம்."

"பெயர் வாசிக்கிறதை நிறுத்தினா யார் சாவாங்கன்னா கேட்டீங்க?"

"ஆமா. முகம் பார்க்காம இனி என்னென்ன சட்டம் போடுவாங்களோ, அத்தனையும் சேர்த்துக் கணக்குப் பண்ணும் போல. நானூத்தி ஆறு பக்கம் வந்திருக்கு."

அவள் அதிர்ந்துபோனாள். "ரெண்டாவது பட்டியல்?"

"அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இப்படியே விட்டா, எதையும் செய்யாமலே அத்தனை பேர். எது கூட, எது குறைச்சல்னு சொல்ற அளவுக்கு வித்தியாசமில்ல." தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "யோசிச்சுத்தான் முடிவெடுக்கணும். உக்காந்து, கேட்டு, யோசிச்சு."

அன்றைக்குச் செண்பகவடிவு சாதாரணப் பார்வையாளராக மாடத்தில் போய் உட்கார்ந்தாள். சூசை மரியான் வேலை உடுப்போடு பக்கத்தில் வந்து அமர்ந்தார். இந்த முறை பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டவில்லை; மாடத்தில் வேறு கூட்டமில்லை. முற்பகல் பதினொரு மணி. கண்ணாடிக் கூரை வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. செயலாளரின் மேசைமேல் நானூற்று ஆறு பக்கமும் அடுக்கி, நூல்போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள்.

கோமதிநாயகம் எழுந்தார். இந்த ஏழு மாதத்தில் அவருக்கு வயது கூடியிருந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார்.

"வாசிப்பாளர் பணியிடம் காலியாக உள்ளது. மூன்று முறை விளம்பரம் செய்தும் எவரும் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே, விதி எண் எழுபத்தொன்றின்படி, பட்டியல் வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது."

பிச்சைக்கனி நிமிர்ந்து பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் குனிந்துகொண்டார்.

"ஆதரிப்போர்?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மசோதா நிறைவேறியதாக அறிவித்துவிட்டுத் தலைவர் அமர்ந்தார். அவை கலைந்தது.

செண்பகவடிவு எழுந்திருக்கவில்லை. கீழே உறுப்பினர்களும் போகவில்லை. கோப்புகளை எடுத்துவைப்பதுபோல் தயங்கித் தயங்கி நின்றார்கள். முதலில் பிச்சைக்கனி செயலாளரின் மேசைக்குப் போனார். குனிந்து ஏதோ கேட்டார். செயலாளர் நூலை அவிழ்த்து, பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தைக் காட்டினார். பிச்சைக்கனி விரலை வைத்து வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்சநேரத்தில் மேசையிலிருந்து வாசல்வரை வரிசை நீண்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"என்னம்மா செய்யுறாங்க?" என்று சூசை மரியான் கேட்டார்.

"அவங்க வீட்டுப் பேர் இருக்கான்னு தேடுறாங்கண்ணே."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். "கையத் தூக்குறதுக்கு முன்னாடி நின்னிருக்கலாம்ல இந்த வரிசையில."

மேடையிலிருந்து கோமதிநாயகம் மெல்ல இறங்கி வந்தார். தலைவருக்கு வழிவிட முன்னால் நின்றவர் ஒதுங்கினார். அவர் வேண்டாமென்று கையசைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.